வக்கீல் வரும்வரை வழக்கு காத்திருக்குமா?

அமெரிக்கப் படங்களில் போலீஸ் கைது பண்ணும்போது சொல்லும் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம்: வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா அரசே ஒருத்தரைக் கொடுக்கும். 1963-ல் வந்த கிடியன் தீர்ப்புதான் இதுக்கு அடிப்படை. ஆனா அது கிரிமினல் வழக்குக்கு மட்டும். வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்வது சிவில் வழக்கு. அதில் அவங்கவங்க பாடு.

நியூயார்க்கில் இதுக்கென்றே ஹவுசிங் கோர்ட் உண்டு. 2013 வாக்கில் அங்கே வக்கீலோடு வந்த வாடகைதாரர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஓனர்கள் பக்கமோ கிட்டத்தட்ட எல்லாருக்கும் வக்கீல். பல வழக்குகள் விசாரணை வரைக்கும் போகாது. வராந்தாவிலேயே ஓனரின் வக்கீல் ஒரு சமரசப் பத்திரத்தை நீட்டுவார்: இன்ன தேதிக்குள் பாக்கியைக் கட்டுகிறேன், தவறினால் காலி செய்கிறேன். பயத்தில் கையெழுத்து விழும்.

2017 ஆகஸ்டில் நகரம் சட்டம் போட்டது. வறுமைக்கோட்டைப் போல இரண்டு மடங்குக்குள் வருமானம் இருந்தால் நகரச் செலவில் வக்கீல். அமெரிக்காவில் இதைச் செய்த முதல் நகரம் இதுதான்.

சரி, வக்கீல் வந்து என்ன செய்வார்? பெரிய வாதமெல்லாம் இல்லை, சில கேள்விகள்தான். வழக்குக்கு முன்னால் 14 நாள் அவகாசம் கொடுத்து வாடகையைக் கேட்டார்களா? வாடகைக் கட்டுப்பாடு உள்ள வீடென்றால், கேட்கும் தொகை சட்டப்படி சரியா? ஹீட்டர் வேலை செய்யாத மாதங்களுக்குக் கழிவு உண்டா? நகரத்தின் அவசர உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாச்சா?

வக்கீல் கிடைத்தவர்களில் 84 சதவீதம் பேர் வீட்டை இழக்கவில்லை என்று 2019-ல் நகர நிர்வாகம் கணக்குச் சொன்னது. இதை அப்படியே வெற்றின்னு எடுத்துக்க முடியாது. வக்கீல் இல்லாமலே தப்பித்திருக்கக்கூடியவர்களும் இதில் இருப்பார்கள். ஆனாலும் சின்ன எண் இல்லை.

சிக்கல் 2022 ஜனவரியில் வந்தது. கொரோனா காலத் தடை முடிந்ததும் வழக்குகள் குவிந்தன. இலவச வக்கீல்கள் போதவில்லை. தகுதி இருந்தும் பலர் தனியாகவே நின்றார்கள்.

ஏன் இப்படி? சட்டம் போட்டது நகரம், கோர்ட்டோ மாநிலத்தோடது. வக்கீல் கொடுக்க வேண்டிய பொறுப்பு நகரத்துக்கு. வக்கீல் வரும்வரை வழக்கை நிறுத்திவைக்கணும்ங்கிற கட்டாயம் கோர்ட்டுக்கு இல்லை. கிரிமினல் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரே வேண்டாம்னு சொன்னாலொழிய, வக்கீல் இல்லாமல் விசாரணை நகராது. இரண்டுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கு. கோர்ட் காத்திருக்கலைன்னா, அந்த உரிமை அன்றைக்கு எத்தனை வக்கீல் இருக்காங்களோ அத்தனை பேருக்குத்தான்.