பழைய ஜீப்புக்குப் பெரிய ஆல்டர்னேட்டர்... ஒயரை மாற்றினீர்களா?

வெம்பக்கோட்டை அணைப் பக்கம் கரிசல் காட்டு வண்டிப்பாதை. மழை பெய்து ஓய்ந்த ராத்திரி. பழைய ஜீப் ஒன்று ஃபோர் வீல் போட்டு, முதல் கியரில் சேற்றை உழுதுகொண்டு வருகிறது. ஹெட்லைட், வைப்பர், கூடுதலாக மாட்டிய இரண்டு ஃபாக் லைட், போன் சார்ஜர் என்று எல்லாம் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மஞ்சளடிக்கிறது. ஹார்ன் அடித்தால் தொண்டை கட்டிய மாதிரி ஒரு சத்தம். இன்ஜினை நிறுத்தினால் மறுபடி செல்ஃப் எடுக்காது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. திட்டு விழுவது முதலில் பேட்டரிக்குத்தான். புது பேட்டரி மாட்டியும் இதே கதை என்றால், கண் போக வேண்டிய இடம் ஆல்டர்னேட்டர்.

இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 6 வோல்ட் மின்சாரமும் ஒரு டைனமோவும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. பின்னால் வந்த மஹிந்திரா டீசல் ஜீப்புகள் 12 வோல்ட்டுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மாறின. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ் பெயரைப் பல வண்டிகளின் பானட்டுக்குள் இன்றும் பார்க்கலாம்.

ஆனால், அந்தக் காலத்துக் கணக்கு வேறு. இரண்டு ஹெட்லைட், நாலைந்து சின்ன பல்ப், ஒரு ஹார்ன், அவ்வளவுதான். இன்று ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட். ஃபாக் லைட் ஜோடி இன்னொரு 110. இதற்கே ஏறக்குறைய 16 ஆம்பியர் போய்விடும். வைப்பர், பாட்டுப்பெட்டி, பேட்டரிக்கான சார்ஜ் எல்லாம் தனி. மேலே 35 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுற்றும்போது தருவது. ஐட்லிங்கில் பாதி கிடைத்தாலே பெரிது. கொழுக்குமலைக்கு விடியலுக்கு முன் ஏறும் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். இருட்டு, கல் பாதை, முழு விளக்கு, ஆனால் ஆள் நடக்கிற வேகம்!

அதனால்தான் 65 ஆம்பியர் அளவில் ஒன்றைத் தேடுகிறார்கள். வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை உண்டு. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பெல்ட் தேய்ந்து அறுந்துவிடும். முழு சுமையில் இந்த ஆல்டர்னேட்டர் இன்ஜினிலிருந்து சுமார் 2 குதிரைத்திறனை இழுக்கும். பெல்ட் தளர்ந்திருந்தால் கீச்சென்று கத்தும்.

இன்னொன்று, பிரேக். பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அதற்கு ஆயில் பைப்பும் உண்டு. பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு இறக்கத்தில் இறங்கினால், பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். உங்கள் வண்டியில் பூஸ்டர் உண்டா, பம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

ஒயர்தான் விஷயம்

ஆல்டர்னேட்டரை மாற்ற ஒரு மதியம் போதும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பழைய சார்ஜிங் ஒயர் அப்படியே கிடக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். 4 சதுர மி.மீ தாமிர ஒயர் 2 மீட்டர் நீளத்தில் 65 ஆம்பியரைச் சுமந்தால் 36 வாட் சூடாகவே வீணாகும். ஒரு சோல்டரிங் அயர்னுக்குத் தேவையான அளவு அது. முறுக்கிச் சுற்றிய பழைய இணைப்பு ஒன்று நடுவில் இருந்தால், சூடு அங்கேதான் குவியும். முப்பது வருட ஒயரின் உறை ஏற்கெனவே வெடிப்பு விட்டிருக்கும்.

பழைய ஜீப்புகளின் டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் இருக்குமே, அதையும் மறக்கக் கூடாது. பல வண்டிகளில் மொத்த சார்ஜும் அந்தச் சின்ன மீட்டர் வழியாகத்தான் போய்வரும். 30 ஆம்பியர் மீட்டருக்குள் 60-ஐ அனுப்பினால் புகை வருவது ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே. அதை விலக்கிவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பதே நல்லது.

சிவகாசி வட்டாரத்தில் தீப்பொறியைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவியே ஆகாது. அந்த ஜாக்கிரதையில் கொஞ்சம் பானட்டுக்குள்ளும் வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ ஒயரைத் தனியாக இழுக்கலாம். 80 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். ஒயர் உரசி சேஸிஸில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான். பட்டாசில் திரி எரிவது நெருப்பை மருந்துவரை கொண்டுபோக. இங்கே ஃபியூஸ் எரிவது அதை வழியிலேயே மறிக்க.

வேலை முடிந்ததும் மல்டி மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். எல்லா விளக்கையும் போட்டு, ஐட்லிங்கில் இன்னொரு முறை பாருங்கள். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிற பழக்கம் சில ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் செய்தால் உள்ளே உள்ள டையோடும் ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே போகலாம். எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு மங்கினால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டிப் பாருங்கள்.