பூட்டினோமா, இல்லையா?

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்த பிறகு, "பூட்டினோமா?" என்று சந்தேகம் வந்ததுண்டா? ஒரு தடவை திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தால் நமக்கு நிம்மதி. சிலருக்கு எத்தனை தடவை இழுத்துப் பார்த்தாலும் அந்த நிம்மதி வருவதில்லை. இது ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம்.

ஏன் இப்படி? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியும், மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதியும் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். ஓசிடி உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு அளவுக்கு மீறிப்போகிறது. ஒகேனக்கல் சுழலில் மாட்டிய பரிசல் மாதிரி, ஒரே எண்ணம் அங்கேயே சுற்றுகிறது.

நமக்குப் பக்கத்தில், பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில், மனநல மருத்துவர் ஜனார்தன் ரெட்டி இந்த நோயைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அவர் குழுவினர் நோயாளிகளின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் சோதித்துப் பார்த்தார்கள். நோயே இல்லாத அவர்களும், முடிவெடுக்கும் சோதனையில் கொஞ்சம் தடுமாறினார்கள்! அப்படியென்றால், இந்த நோய் பிடிவாதமோ வேண்டுமென்றே செய்வதோ அல்ல. குடும்பவழியாக மூளையில் வரும் ஒரு போக்கும் இதில் இருக்கிறது.

மருந்தும் நடத்தைப் பயிற்சியும் இதற்கு நல்ல பலன் தரும். விவரம் கேட்க, அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.