அண்ணாவியாரும் கூத்துக் கொப்பியும்

நாட்டுக்கூத்துப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரங்கேற்ற இரவையே பொருளாகக் கொண்டுள்ளன. கூத்துப் பழகத் தொடங்குமுன் அண்ணாவியார் கொப்பியோடு தனித்திருந்து செய்யும் உழைப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. சரவணை, நாரந்தனை, மெலிஞ்சிமுனை முதலிய ஊர்களைக் கொண்ட வேலணைத்தீவின் கூத்து மரபை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுழைப்பை ஆராய்தல் அவசியமாகும்.

ஒப்பீடொன்று இங்கு துணைசெய்யும். மேனாட்டுச் சேர்ந்திசைக் குழுவின் நெறியாளர் ஒத்திகைக்கு முன்னர் பாடலின் சொற்களைப் பொருளுணர்ந்து வாசிப்பார். ஒவ்வொரு குரற்பகுதியையும் தாமே பாடிப் பார்ப்பார். மூச்செடுக்கும் இடங்களையும் பாடகர் இடறக்கூடிய இடங்களையும் குறித்துக்கொள்வார். எனினும் சுரத்தின் உயரமும் கால அளவும் அவரது ஏட்டில் ஏலவே எழுதப்பட்டுள்ளன. கூத்துக் கொப்பியின் நிலை வேறு. அதில் சொற்கள் உள்ளன; பாடலின் தலைப்பில் தரு, விருத்தம், கொச்சகம் என்ற குறிப்பு இருக்கும்; சிலவேளை இராகமும் தாளமும் சுட்டப்பட்டிருக்கும். மெட்டும் ஆட்டமும் அண்ணாவியாரின் நினைவில் உள்ளன. எனவே அவரது வாசிப்பு ஒருவகையில் ஆக்கமுமாகும்.

தருவைத் தாளத்துக்கு அமைக்கும்பொழுது அடியொன்றில் ஓரசை மிகுந்து நிற்கலாம். அது படியெடுத்தவரின் பிழையா, விரைந்து பாடவேண்டிய இடமா என்பதை அவரே தீர்மானிக்கவேண்டும். தாளக்கட்டின்றிப் பாடப்படும் விருத்தத்தில் எவ்விடத்தில் நிறுத்தினால் பொருள் சிதையாது என்பதையும் முன்னரே தெளிந்துகொள்ளவேண்டும். பிற்பாட்டுக்காரர் எந்த அடியை ஏற்றுப் பாடுவர், மத்தளம் எங்கே தீர்மானம் கொடுக்கும் என்பனவும் இக்கட்டத்திலேயே முடிவாகின்றன.

இவற்றுள் எதுவும் வெறும் இசைப் பிரச்சினை அன்று. பாடப்போகிறவர்கள் பகல் முழுதும் தோட்டத்திலோ கடலிலோ உழைப்பவர்கள். விடியும்வரை திறந்தவெளியில் பாடவேண்டியவர்கள். அவர்களது குரலுக்கும் களைப்புக்கும் ஏற்பவே சுருதியும் பாத்திரப் பங்கீடும் அமையும். ஆகவே அண்ணாவியார் கொப்பியை வாசிக்கையில் ஊரையும் சேர்த்தே வாசிக்கிறார் எனலாம்.

இன்னொரு வேறுபாடும் மனங்கொள்ளத்தக்கது. சேர்ந்திசைப் பாடகர் வழக்கமாக எல்லாக் குரல்களும் அடங்கிய ஏட்டைக் கையில் வைத்திருப்பார். கூத்தரோ தமது பாட்டையும் அதற்கு முன்வரும் அடியின் ஈற்றுச் சொற்களையும் மாத்திரம் எழுதிப் பெறுவது வழக்கம். முழுப் பிரதி அண்ணாவியாரிடமே இருப்பதால் அறிவு ஒருவரிடம் குவிகிறது. ஆயின், முன்னர் அதே கூத்தை ஆடிய முதியோரும் பிற்பாட்டுக்காரரும் பழகுமிடத்தில் அவரைத் திருத்துகின்றனர். தனிமனித மேதைமை என்று நாம் கருதக்கூடியது கூட்டு உழைப்பாலேயே நிலைபெறுகிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தையும் 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தையும் பதிப்பித்தார். அப்பணி பெரிது. அச்சு சொற்களை அழியாது காத்தது. ஆனால் அவற்றை ஒலியாக்கும் முறையை அச்சு தராது. இதனை அவரும் நன்கறிந்திருந்தார். 1962இல் பேராதனையில் கர்ணன் போர் கூத்தை மேடையேற்றியபொழுது மாணவரைப் பழக்குவதற்கு மட்டக்களப்பின் வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரின் துணையை நாடினார். பல்கலைக்கழகம் ஓர் அண்ணாவியாரிடம் பாடங்கேட்ட நிகழ்ச்சி அது.

1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாறு ஊர் சிதறும்பொழுது கொப்பி மாத்திரமன்றி, கொப்பியை வாசிக்கும் முறையும் சிதறுகிறது. எனவே எஞ்சியுள்ள கொப்பிகளைப் பதிப்பிக்க முனைவோர் அண்ணாவியாரையும் பிற்பாட்டுக்காரரையும் அருகிலிருத்தி, மெட்டு, தாளம், நிறுத்தம், பிற்பாட்டு ஆகியவற்றை அடிதோறும் குறித்தல் வேண்டும். அவர்களது பெயர்களும் பதிப்பாசிரியர் வரிசையில் இடம்பெறல் வேண்டும். உழைத்தவரை மறைத்துவிட்டு உழைப்பின் விளைவை மட்டும் போற்றுவது ஆய்வு நேர்மையாகாது.