மிளகாய் இல்லாத காரம்

ஜெர்மன் பிரெட்செல் என்றால் எல்லோரும் அந்த முடிச்சைத்தான் பார்க்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போன்ற வடிவம். பெயரே 'கை' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் முடிச்சுப் போடாமல் குச்சியாக உருட்டிச் சுட்டாலும் ருசி மாறாது. ஜெர்மன் பேக்கரிகளில் அப்படியும் விற்கிறார்கள். காரத்தை விட்டுவிட்டால்தான் அது வெறும் பன்.

மிளகாய்க் காரம் அல்ல, வேதியியல் காரம். அங்கே சுடுவதற்கு முன் மாவைச் சுமார் 4 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில நொடி முக்கியெடுப்பார்கள். கார நீர் பட்ட மேல்தோல் அவனில் வேகமாகச் சிவந்து, செம்பழுப்பும் பளபளப்பும் அந்தத் தனி வாசனையும் பெறுகிறது. சூட்டில் காரம் அடங்கிவிடுவதால் தின்ன ஆபத்தில்லை. கரைசல்தான் ஆபத்து, தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

வீட்டுக்கு நான் சொல்வது சமையல் சோடா. அப்படியே கரைத்தால் நிறம் சோகையாகத்தான் வரும். எவர்சில்வர் தட்டில் பரப்பி, 130 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டெடுங்கள். சோடியம் கார்பனேட்டாக மாறி வீரியம் கூடிவிடும். இதையும் வெறுங்கையால் தொட வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் கூடாது.

மாவு எளிது: அரை கிலோ மைதா, 280 மில்லி தண்ணீர், 30 கிராம் வெண்ணெய், 10 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, உப்பியதும் எட்டாகப் பிரியுங்கள். நடு தடித்து, முனைகள் மெலிந்த கயிறாக உருட்டி முடிச்சிடுங்கள். பிறகு மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். பலரும் தாண்டிப்போகும் படி இது. மேல்தோல் காய்ந்தால்தான் கரைசலில் முக்கும்போது வடிவம் குலையாது.

அரை லிட்டர் தண்ணீரில் சுட்ட சோடா 100 கிராம் கரைத்து, உறை போட்ட கையால் மூன்று நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கல் உப்பு தூவி, தடித்த வயிற்றில் கத்தியால் ஒரு கீறல். இது ஸ்வாபியப் பழக்கம். பவேரியாவில் பெரும்பாலும் தானாக வெடிக்க விடுவார்கள். 220 டிகிரியில் பதினைந்து நிமிடம்.

மியூனிக்கில் வெள்ளைத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகுச் சாந்தோடு காலையில் தின்பார்கள். எனக்கு வெண்ணெய் போதும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மேலே இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து, விடிவதற்குள் தோல் நமத்துவிடும்.