அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் நிலையமும் வாகனங்களும்

தன்னார்வத் தீயணைப்புக் குழு என்பது, வேறு தொழில்களைச் செய்துவரும் ஊர்மக்கள் ஒன்றுகூடித் தங்கள் பகுதியின் தீயணைப்புப் பணியை ஊதியமின்றிச் செய்யும் அமைப்பு ஆகும். அமெரிக்காவின் சிற்றூர்கள் பெரும்பாலும் இத்தகைய குழுக்களையே நம்பியுள்ளன. அங்கு இவற்றை 'வாலண்டியர் ஃபயர் கம்பெனி' என்பர். இங்கே 'கம்பெனி' என்ற சொல் வணிக நிறுவனத்தைக் குறிக்காது. குழு என்பதே பொருள். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டின் சுமார் 10.41 லட்சம் தீயணைப்பாளர்களில் 6.77 லட்சம் பேர், அதாவது 65 விழுக்காட்டினர், தன்னார்வலர்கள்.

ஊதியம் பெறும் வீரர்கள் பணியாற்றும் நிலையத்தில் ஆட்கள் வண்டியின் அருகிலேயே இருப்பார்கள். தன்னார்வ நிலையத்தில் வண்டி ஆட்களுக்காகக் காத்திருக்கும். அழைப்பு வரும்போது ஒருவர் கடையில் இருப்பார், ஒருவர் வயலில் இருப்பார், ஒருவர் உறங்கிக்கொண்டிருப்பார். அவர்கள் வந்துசேரும் வரை கழியும் நிமிடங்களை எப்படி மீட்பது என்பதை வைத்தே நிலையமும் வாகனங்களும் அமைக்கப்படுகின்றன.

வரலாறு

1736 டிசம்பர் 7 அன்று பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் பிலடெல்பியாவில் 'யூனியன் ஃபயர் கம்பெனி'யைத் தொடங்கினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளிவர உதவும் பைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு வராதவர்கள் கட்டிய அபராதப் பணத்தில் ஏணி, கொக்கி போன்ற கருவிகள் வாங்கப்பட்டன. சேர விரும்பியவர்கள் மிகுந்தபோது, தனியே வேறு குழு தொடங்குமாறு அவர்களிடம் சொல்லப்பட்டது. இவ்வாறு குழுக்கள் பெருகின. 1853இல் சின்சினாட்டி நகரம் நீராவி இயந்திரங்களுடன் ஊதியம் பெறும் தீயணைப்புத் துறையை அமைத்தது. அதன்பின் பெருநகரங்கள் ஒவ்வொன்றாக அம்முறைக்கு மாறின. சிற்றூர்களில் பழைய முறையே தொடர்ந்தது.

அழைப்பு

அவசர எண் 911க்கு அழைப்பு வந்ததும் மாவட்டக் கட்டுப்பாட்டு மையம் தன்னார்வலர்களின் பேஜர்களையும் கைபேசிகளையும் ஒலிக்கச் செய்யும். பல ஊர்களில் நிலையத்தின் கூரையிலுள்ள சைரனும் முழங்கும். உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் கார்களில் நிலையத்துக்கு வருவர். நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் இக்கார்களில் நீல விளக்கு பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அது வழிவிடுமாறு கேட்கும் வேண்டுகோள் மட்டுமே. சிவப்பு சிக்னலைத் தாண்டும் உரிமையை அது தராது.

தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் தன்னார்வக் குழுக்களுக்கென வகுத்த 1720ஆம் எண் தரவிதி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊர்ப்புறங்களில் 14 நிமிடங்களுக்குள் 6 பேர் தீ எரியும் இடத்தை அடைய வேண்டும் என்கிறது. நூறு அழைப்புகளில் எண்பதிலாவது இது நிறைவேற வேண்டும்.

நிலையத்தின் அமைப்பு

நிலையத்தின் பெரும்பகுதி வாகனக் கூடமே. இடவசதி இருந்தால் முன்னும் பின்னும் கதவுகள் வைக்கப்படும். அப்போது திரும்பிவரும் வண்டி பின்வழியாக நுழைந்து, அடுத்த அழைப்புக்கு ஏற்ப முன்நோக்கி நிற்கும்.

நிற்கும் வண்டியோடு மின்கம்பியும் காற்றுக்குழாயும் இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் பேட்டரியைக் காக்கிறது. காற்றழுத்தம் இறங்கிவிட்டால் ஏர் பிரேக் விடுபடாது, வண்டி நகராது. அழுத்தம் ஏறும்வரை நிற்க வேண்டியதுதான். அதனால்தான் காற்றுக்குழாய் தேவைப்படுகிறது. பல வண்டிகளில் இயந்திரத்தை முடுக்கியதும் மின் இணைப்பு தானே கழன்றுவிடும்.

பாதுகாப்பு உடைகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். கால்சட்டையைக் காலணிமேல் மடித்து இறக்கி வைப்பது வழக்கம். காலை நுழைத்து மேலே இழுத்தால் போதும். தீயில் பட்ட உடையில் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் தங்குவதால், புதிய நிலையங்களில் உடைகளுக்குத் தனி அறையும் துவைக்கும் இயந்திரமும் உள்ளன. தீயணைப்பு நிலையம் என்றதும் நினைவுக்கு வரும் சறுக்குக் கம்பம் 1878இல் சிகாகோவில் தோன்றியது. பெரும்பாலான தன்னார்வ நிலையங்களில் மாடியில் உறங்குவோர் இல்லை. எனவே கம்பமும் இல்லை.

வாகனங்கள்

பம்பர்: இதுவே முதன்மை வண்டி. நீர்த்தொட்டி, பம்பு, குழாய்கள் மூன்றும் இதில் உண்டு. ஊர்ப்புறப் பம்பர் பெரும்பாலும் சுமார் 3,800 லிட்டர் நீரைச் சுமக்கும். நிமிடத்துக்கு 570 லிட்டர் பாய்ச்சும் ஒரே குழாயைத் திறந்தால், இந்நீர் ஏழு நிமிடங்கள்கூட நிற்காது.

டேங்கர்: கூடுதல் நீரைக் கொண்டுவரும் வண்டி. 7,500 முதல் 11,000 லிட்டர் வரை கொள்ளும். மேற்கு மாநிலங்களில் இதை 'டெண்டர்' என்பர். அங்கே டேங்கர் என்றால் நீர் கொட்டும் விமானம்.

ஏணி வண்டி: 23 முதல் 30 மீட்டர் வரை நீளும் ஏணி உடையது. விலை மிகுதி என்பதால் பல சிறு குழுக்களிடம் இது இருக்காது.

மீட்பு வண்டி: விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் ஹைட்ராலிக் கருவிகளைச் சுமக்கும்.

புதர்த்தீ வண்டி: நான்கு சக்கர இயக்கம் கொண்ட சிறு வண்டி. சாலையில்லாத புல்வெளிகளுக்கும் காடுகளுக்கும் செல்லும்.

நீர் வழங்கும் முறை

ஊர்ப்புறங்களில் தெருவோரத் தீயணைப்புக் குழாய்கள் அரிது. எனவே தீ எரியும் இடத்தருகே மடக்குத் தொட்டி ஒன்றை விரிப்பர். டேங்கர் வந்து சில நிமிடங்களில் நீரை அதில் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்பச் செல்லும். பம்பர் அத்தொட்டியிலிருந்து நீரை உறிஞ்சும். குளத்தங்கரையில் நிற்கும் மற்றொரு பம்பர் டேங்கர்களை நிரப்பிக்கொண்டிருக்கும். இச்சுழற்சிக்கு ஓரூர் டேங்கர் போதாது. அதனால் தீ அழைப்பு வந்தவுடனேயே பக்கத்து ஊர்க் குழுக்களையும் அழைக்கும் வழக்கம் பல பகுதிகளில் உள்ளது.

இன்றைய நிலை

புதிய பம்பரின் விலை பல லட்சம் டாலர்கள். வரிப்பணம் ஒரு பங்கு தந்தாலும், மீதிக்கு நிலையத்தின் விருந்துக் கூடமே துணை. அங்கே காலை உணவு விற்பனையும் பிங்கோ விளையாட்டும் நடக்கும்; திருமணங்களுக்கும் வாடகைக்கு விடுவர்.

பணத்தைவிட அரிதாகி வருவது ஆள். பென்சில்வேனியாவில் 1970களில் சுமார் 3 லட்சமாக இருந்த தன்னார்வலர் எண்ணிக்கை சுமார் 38,000 ஆகக் குறைந்துவிட்டது என அம்மாநிலச் சட்டமன்ற ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வேலை தொலைவான நகரங்களில் அமைவதால் பகல் நேரத்தில் ஊரில் இருப்போர் சிலரே. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி, எரியும் கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால் வெளியே இருவர் ஆயத்தமாக நிற்க வேண்டும். சிக்கிய உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்கு உண்டு. நிலையத்துக்கு மூவரே வந்தால் வண்டி புறப்படலாம். ஆனால் உள்ளே சென்று தீயை அணைக்க அடுத்த ஊர்க்காரர் வரும்வரை காத்திருக்க நேரும். இதனால் சில ஊர்கள் பகலுக்கு மட்டும் ஊதியம் பெறும் வீரர்களை அமர்த்துகின்றன. சில குழுக்கள் பக்கத்துக் குழுக்களுடன் இணைந்துவிடுகின்றன.