இருட்டு அரங்கில் ஓடிய ரயில்கள்

கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஆண்டுதோறும் ‘வின்டர்ரெயில்’ என்றொரு விழா நடந்துவந்தது. ரயில்களைப் படம் எடுப்பதே பிழைப்பாகவோ பித்தாகவோ கொண்டவர்கள் அங்கே கூடுவார்கள். எண்பதுகளில் அந்தப் பக்கம் வேலை பார்த்த நான் அதைத் தவறவிட மாட்டேன். விளக்கு அணையும், இசை தொடங்கும். திரையில் சதர்ன் பசிபிக்கின் சாம்பலும் சிவப்புமான டீசல் இன்ஜின், டானர் கணவாய்ப் பனியைக் கிழித்துக்கொண்டு வரும். அது மங்க மங்க அதன் மேலேயே டெஹாச்சபி வளையம் தெளியும்: சரக்கு ரயிலின் வால் சுரங்கத்துக்குள் இருக்க, தலை அதற்கு மேலே ஏறிப் போய்க்கொண்டிருக்கும். அரங்கம் கைதட்டலில் அதிரும்.

ஸ்லைடுகளை இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்ட வேண்டியதெல்லாம் ஒரே திரையைப் பார்த்து வைத்த இரண்டு கோடக் கேரவுசல் புரொஜெக்டர்கள். ஒன்றின் விளக்கு தணியத் தணிய மற்றது பிரகாசமாகும். எந்த நொடியில் மாறுவது என்ற சமிக்ஞை, இசை பதிந்த நாடாவிலேயே தனித் தடத்தில் இருக்கும். ஒரு தட்டில் 80 ஸ்லைடு.

அந்த 80-ஐச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஸ்லைடு எடுக்கப் பயன்பட்ட கோடக்ரோம் 25 மந்தமான ஃபிலிம். சுள்ளென்ற வெயிலிலும் ஷட்டரை 1/500 வினாடியில் வைத்தால் லென்ஸை எஃப்/4 வரை திறந்தாக வேண்டும். ஒரு மேகம் குறுக்கே வந்தால் போச்சு. பிரிண்ட் போடும்போது சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம் துண்டுதான் ஸ்லைடின் சட்டத்துக்குள் ஏறும். மலைச்சரிவில் காத்துக் கிடந்தவரின் கேமராவில் அன்று வெளிச்சம் பட்ட அந்தத் துண்டையே இப்போது பார்க்கிறோம் என்ற நினைப்பு இன்றும் எனக்குச் சிலிர்ப்புதான்.

2004-இல் கோடக் புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்தியது; 2009-இல் கோடக்ரோமையும் கைவிட்டது. அதைக் கழுவித் தந்த கடைசிக் கூடம், கன்சாஸின் பார்சன்ஸ் ஊரிலிருந்த டுவைன்ஸ் ஃபோட்டோ, 2010 டிசம்பர் 30-உடன் அந்த ஃபிலிமை வாங்குவதை நிறுத்திக்கொண்டது.

டிஜிட்டல் கேமரா நள்ளிரவிலும் அடைமழையிலும் ரயிலைப் பிடித்துவிடுகிறது. அது பெரிய வரம். ஆனால் ஆயிரம் படத்தைக் கழித்து எண்பதை நிறுத்தும் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே வளைவை ஒரே நேரத்தில் அடையாளம் கண்டு ஆரவாரிக்கும் சுகம் கைப்பேசித் திரையில் வராது.

மேடிசனிலுள்ள ரயில்வே புகைப்படக் கலை மையம் பழைய தொகுப்புகளை வாங்கிப் பாதுகாக்கிறது, நல்ல காரியம். இப்படிப்பட்டவற்றை ஸ்கேன் செய்வதோடு விட்டுவிடாமல், பொறுக்கி, இசை கோத்து, ஆட்களைக் கூட்டித் திரையிட வேண்டும் என்பதே என் ஆசை. படம் எடுத்தவர் இருந்தால், எந்த ஸ்லைடுக்குப் பின் எது என்று முடிவு செய்ய அவரையே கேட்க வேண்டும்.