மங்கு: சந்தனக்கல்லிலிருந்து மருந்துக்கடைக்கு

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டை ஒட்டியும் பழுப்பாகப் படியும் மங்கு நம் ஊருக்குப் பழையது. நடவு வயலில் பகல் முழுக்க நின்ற பெண்களுக்கு அன்று வந்தது. உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்று வருகிறது. ஆண்களுக்கும் உண்டு. அன்று அதை வயதின் அடையாளமாக, பிள்ளை பெற்ற உடம்பின் அடையாளமாக ஏற்றுக்கொண்டார்கள். இன்று திருமணத் தேதி குறித்ததும் அது அவசரக் கவலையாகிவிடுகிறது.

அன்றைய வைத்தியம் சந்தனக்கல்லில் நடந்தது. ஜாதிக்காயைப் பால் விட்டு உரைத்துப் பூசி, காய்ந்ததும் கழுவுவார்கள். முகம் கழுவப் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும். மங்கு அடியோடு போனது என்று சொன்னவர்கள் குறைவு. தோல் கெட்டுப்போனது என்று சொன்னவர்களும் குறைவு. கர்ப்பத்தில் வந்த மங்கைப் பார்த்து, “பிள்ளை பெத்தா தானா குறைஞ்சிடும்” என்ற பாட்டிகளின் சொல் பலருக்குப் பலித்தது. பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்கள் அடங்க, சில மாதங்களில் நிறமும் மங்கிவிடும். ஆனால் பழையதெல்லாம் நல்லதென்று சொல்ல மாட்டேன். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனவர்களுக்குத் தோல் வெந்து, முன்பிருந்ததைவிடக் கறுப்பான தடம் விழுந்தது.

அன்று தெரியாத காரணங்கள் இன்று தெரியும். தோலில் நிறமி உண்டாக்கும் மெலனோசைட் செல்களை வெயில், ஹார்மோன் மாற்றம், கருத்தடை மாத்திரை, அடுப்பின் அனல், பரம்பரை எல்லாம் தூண்டுகின்றன. புறஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கைக் கருக்க வைக்கிறது. இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீனை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். தலையில் போட்ட முந்தானையும் முண்டாசும் காரணம் அறியாமலே இந்த வேலையில் பாதியைச் செய்தன.

1975-ல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து மங்குக்கு ஒரு களிம்பை முன்வைத்தார்கள். அதே ஆண்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற சிவப்பழகு க்ரீம் இந்தியச் சந்தைக்கு வந்தது; 2020-ல்தான் அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீங்கியது. மூன்றும் சேர்ந்த அந்தக் களிம்பு, மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் பூச வேண்டிய நல்ல மருந்து. சிவப்பழகு ஆசை வளர்ந்த ஊரில், அந்த வகை மருந்தே மருந்துக்கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் சிவப்பழகு க்ரீமாக மாறியது. மாதக்கணக்கில் உரைத்துப் பூசியும் ஜாதிக்காய் தராத பளபளப்பைப் பத்து நாளில் டியூப் தந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, அக்கா சொல்ல, ஆண்டுக்கணக்கில் பூசினார்கள்.

விளைவை இன்று தோல் மருத்துவர்களின் வெளிநோயாளி அறையில் காணலாம். தோல் மெலிந்து சிவந்த கன்னம், வெளியே தெரியும் ரத்த நாளங்கள், பரு, புதிதாக முளைத்த முடி. நிறுத்தினால் எரிச்சல் வருகிறது, பழைய மங்கும் திரும்புகிறது. நிறுத்த முடியாமல் மறுபடி பூசுகிறார்கள். ஹைட்ரோகுயினோனை நெடுநாள் பூசியவர்கள் சிலருக்கு நீலம் பாய்ந்த கறுப்பு படிந்துவிடுகிறது; அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கடினம். பூசும் ஸ்டீராய்டுகள் 14-ஐ மருத்துவர் சீட்டு தேவைப்படும் எச் அட்டவணைக்குள் மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது. சட்டம் வந்தது, கவுண்டரில் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அறிவு கூடியிருக்கிறது, மருந்தும் கூடியிருக்கிறது. அன்று இருந்த பொறுமை குறைந்துவிட்டது என்பதே என் வருத்தம். இன்றைய நல்ல சிகிச்சைக்கும் மாதங்கள் பிடிக்கும். வெயிலுக்குப் போனால் மங்கு திரும்பும். அன்றாடம் சன்ஸ்கிரீன், குடை, துப்பட்டா இவை இல்லாமல் எந்த க்ரீமும் நிற்காது.

வீட்டில் முகத்துக்குப் பூசும் டியூப் இருந்தால் இன்றே திருப்பிப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுகளில் ஒன்று எழுதியிருந்து, மருத்துவர் தந்த சீட்டு உங்களிடம் இல்லையென்றால், அதை எடுத்துக்கொண்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.